கோப்புக் காட்சி

அன்றைய செய்திக்காக எடுக்கப்படாமல், முன்பே எடுத்துக் காப்பகத்தில் வைத்திருந்து மறுபடி ஒளிபரப்பப்படுவது கோப்புக் காட்சி. ஆங்கிலத்தில் 'ஃபைல் ஃபுட்டேஜ்' என்பார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்தில் எல்லோரும் இந்தச் சொல்லை அறிந்திருக்க வேண்டும். தொலைக்காட்சி எங்களைப் பெரும்பாலும் இப்படித்தான் காட்டுகிறது.

'ஃபைல்' என்பதற்கு மூலம் நூலைக் குறிக்கும் லத்தீன் சொல். கடதாசிகளை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்ததால் வந்த பெயர். 'கோப்பு' என்பதும் அப்படியே, மணி கோப்பது போலக் 'கோ' என்ற வினையிலிருந்து பிறந்தது. 'ஃபுட்டேஜ்' படச்சுருளை அடிக்கணக்கில் அளந்த காலத்துச் சொல். 35 மில்லிமீற்றர் சுருளில் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி ஓடும். தமிழில் அந்த அளவு தேவையில்லை, 'காட்சி' போதும். 'கோப்புப் படம்' பத்திரிகைகளில் பழகிய சொல் என்பதால் இதுவும் இயல்பாகவே ஒலிக்கிறது.

பழைய காட்சியைக் காட்டுவது குற்றமல்ல. மழையில் பாதை அடைபட்ட இரவில் கமரா தோட்டத்துக்குப் போய்ச்சேர முடியாது. திகதி போடாமல் காட்டுவதுதான் குற்றம். 2014 ஒக்டோபர் 29 அன்று காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களைப் புதைத்தது. அந்தச் சேற்றுச் சரிவும் மண்ணைக் கிளறும் இயந்திரங்களும் பின்வந்த மழைக்காலங்களில் வேறு இடத்துச் செய்திகளோடு திகதியின்றி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைக்கிறான். மலையில் சிக்னல் இல்லை. விடியும்வரை அவன் தவித்த தவிப்புக்கு யார் பொறுப்பு? மீரியபெத்தையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள், தம் வீடு புதைந்த இடத்தையே இன்னோர் ஊரின் பெயரோடு பார்க்க நேர்வது அதைவிடக் கொடுமை.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கிய நாட்களில், செய்தி வாசிப்பவரின் குரலோடு ஒரு காட்சி ஓடியது: இளவெயிலில் கூடை சுமந்து, சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண்கள். அட்டைக்கடியும் இல்லை, மழைக்குக் கட்டும் படங்கும் இல்லை. வாசித்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் 'இவர்களுக்கு என்ன குறை?' என்றே பார்ப்பவர் மனதில் படியும்.

இதைத்தான் நாங்கள் பக்கச்சார்பு என்கிறோம். தமிழ்நாட்டில் பாரபட்சம், ஒருதலைப்பட்சம் என்பார்கள். ஆங்கிலத்தின் 'பயஸ்' பிரெஞ்சு வழி வந்தது. அதன் பழம்பொருள் சாய்வு. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று இரண்டு சொற்களை ஒரே குறளில் (119) வைத்திருக்கிறார். கோட்டம் என்றால் வளைவு. சொல் நேராக இருந்தும் படம் வளைந்துகிடக்கும் இந்த வழக்கத்துக்குக் 'காட்சிக்கோட்டம்' என்று பெயரிடலாம் என்பது என் முன்மொழிவு. இட்டுக்கட்டிய போலிக் காட்சியோடு இதைக் குழப்பக்கூடாது: இங்கே படம் உண்மை, அது நிற்கும் இடம்தான் தவறு.

திரையின் மூலையில் 'கோப்புக் காட்சி' என்று இரண்டு நொடி காட்டி எடுத்துவிடுவது போதாது. 'கோப்புக் காட்சி: மீரியபெத்தை, ஒக்டோபர் 2014' என்று இடமும் காலமும் சேர்த்து, காட்சி ஓடி முடியும்வரை எழுத்து நிற்க வேண்டும். தமிழ்ச் செய்தியில் மட்டுமல்ல, சிங்கள, ஆங்கிலச் செய்திகளிலும்.