வெடிமருந்தா, உந்துமருந்தா?

மருந்து என்றதும் நமக்குப் பலதுறை மருந்தகத்தில் நம்பர் எடுத்துக் காத்திருந்து வாங்கும் மாத்திரைப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே சொல் துப்பாக்கிக்குள்ளும் போகிறது. தீபாவளி சமயத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் போனவர்கள், "இந்தப் புஸ்வாணத்துல மருந்தே இல்லப்பா" என்ற குறையைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் 1972இல் பட்டாசுக்கு முழுத் தடை வந்துவிட்டதால் நம் பிள்ளைகளுக்கு மத்தாப்போடு கதை முடிந்தது. 'மருந்து' என்பதன் இந்தப் பொருளும் அவர்கள் காதில் விழாமலே போய்விட்டது.

நோயைத் தீர்ப்பதற்கும் குண்டைத் தள்ளுவதற்கும் எப்படி ஒரே சொல் வந்தது? இது தமிழின் தனிப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மலாயில் வெடிமருந்துக்கு 'உபாட் பெடில்' என்று பெயர். உபாட் என்றால் மருந்து, பெடில் என்றால் துப்பாக்கி. சீனத்தில் 'ஹுவோ யாவ்', அதாவது தீ மருந்து. வியட்நாமியர் சொல்வது துப்பாக்கி மருந்து. சிங்களத்தில் 'வெடி பெஹெத்'. பெஹெத் என்பதும் மருந்துதான். தெலுங்கில் மந்து, கன்னடத்தில் மத்து, மலையாளத்தில் மருந்நு, எல்லாம் நம் சொல்லின் உடன்பிறப்புகள். அந்த மூன்று மொழிகளிலும் இரண்டு பொருளும் உண்டு. தெலுங்கில் 'மந்துகுண்டு' என்றால் துப்பாக்கித் தளவாடம் முழுவதும் அடங்கும். தேக்கா ஈரச்சந்தையில் ஒரு காலைப் பொழுதில் காதில் விழும் மொழிகளில் பாதிக்கு மேல் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

காரணம் சீனத்தில் கிடைக்கிறது. சாகாவரம் தரும் மருந்தைத் தேடிய ரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் கலந்து சுட்டுப் பார்த்தபோது கிடைத்ததுதான் இந்தச் சரக்கு. 1044இல் தொகுத்த சீனப் போர்நூல் ஒன்றில் இதன் செய்முறைகள் எழுத்தில் இருக்கின்றன. மூலப்பொருள்களும் மருந்துச் சரக்குகள்தாம். நம் சித்த மருத்துவத்திலும் வெடியுப்பு, கந்தகம் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆக, பெயர் உவமையாக வந்ததில்லை. சரக்கு இருந்த இடத்திலிருந்தே கூட வந்தது.

மலாய்ச் சொல்லான பெடில், தமிழின் 'வெடில்' என்பதிலிருந்து போனது என்ற கருத்து ஆய்வாளர்களிடம் உண்டு. வணிகக் கப்பல்களோடு வெற்றிலை, பாக்கு மட்டும் போகவில்லை போலும்.

சரி, இப்போது தகராறுக்கு வருவோம். 'மருந்து' என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'வெடி'தான் இடிக்கிறது.

பழைய கரிமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. அது பாறையையும் பிளந்தது, பீரங்கியையும் இயக்கியது. இரண்டுக்கும் வெடிமருந்து என்ற ஒரே பெயர் போதுமாக இருந்தது. 1884இல் பிரான்சின் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையில் வந்த இந்த மருந்து, ரைஃபிளுக்குள் வெடிப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அது எரிய வேண்டும். மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக, கணக்கான வேகத்தில் எரிந்து வாயுவாக மாற வேண்டும். அந்த வாயுவின் அழுத்தம் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. அது நிஜமாகவே வெடித்துவிட்டால் சுடுகிறவரின் முகத்துக்கு முன்னால் இரும்பு பிளக்கும்.

அதனால் ரைஃபிள் தோட்டாவில் இருப்பதை 'உந்துமருந்து' என்று சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ராக்கெட்டுக்கு 'உந்துபொருள்' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வைக்கலாம்தான். ஆனால் மருந்து என்பது மக்கள் வாயில் பல நூற்றாண்டாகப் புழங்கும் சொல். அதை எடுத்துவிட்டுப் 'பொருள்' என்று போட்டால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும். பாறை உடைப்பதற்கும் குண்டுவெடிப்புச் செய்திக்கும் வெடிமருந்து; தோட்டாவுக்கு உந்துமருந்து. இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

'பவுடர்' என்பதைப் பொடி என்று பெயர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது மூக்குப்பொடியாகிவிடும். தவிர, இன்றைய உந்துமருந்து பொடியே இல்லை. ரைஃபிளுக்கான மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் கருஞ்சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக நறுக்கிய சேமியா போல, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் குச்சிகள் தெரியும். ஒன்றோடொன்று ஒட்டாமலும், நிலைமின்சாரம் சேராமலும் இருக்க மேலே கிராஃபைட் பூச்சு. பல வகைகளில் குச்சியின் நடுவே ஊசித்துளை ஒன்றும் இருக்கும். அது அழகுக்கு இல்லை. எரிய எரியக் குச்சியின் வெளிப்பரப்பு சுருங்கும், துளையின் உள்பரப்பு விரியும். இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு வாயு ஏறக்குறைய ஒரே சீராக வரும். உருண்டை வடிவிலும் தட்டை வில்லை வடிவிலும் மருந்து உண்டு. வில்லைகள் பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும்.

அடுத்த சொல் 'லோடு'. இதை யாரோ 'சுமை' என்று பெயர்த்ததைப் படித்துச் சிரித்திருக்கிறேன். சுமை லாரிக்குத்தான். இங்கே அது தோட்டாவுக்குள் போகும் மருந்தின் நிறை. நல்ல தமிழில் 'மருந்தளவு'. மருத்துவர் சீட்டில் எழுதுவதற்கும் இதே சொல்தான் என்பது இதன் பலம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே பழமொழியாக நிற்காமல் நடைமுறை விதியாகவே ஆகிறது. தோட்டா கட்டுகிறவர்கள், அதாவது கையால் தோட்டா நிரப்புகிறவர்கள், மருந்து நிறுவனத்தின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றிப் பார்ப்பார்கள். தொடக்க அளவு உச்ச அளவைவிட வழக்கமாகப் பத்து விழுக்காடு போலக் குறைவாக இருக்கும். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் தூக்கக் கை வலித்தாலோ, தோட்டாவின் உலோகக் கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டி நசுங்கித் தட்டையாகியிருந்தாலோ அழுத்தம் எல்லை தாண்டுகிறது என்று அறிந்து இறங்கிவிட வேண்டும். கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே தன்னிஷ்டத்துக்குக் குறைப்பதும் கூடாது, குறிப்பாக மெதுவாக எரியும் மருந்தில்.

மருந்தை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? 'எரிவேகம்' என்பதை வைத்து. இது கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டிய இடம்.

என் மைத்துனர் ஒருவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறார், உரிமம் வாங்கி மிளா வேட்டைக்குப் போகிறவர். மிளா என்பது நம் கடமான்தான். 1860களில் ஆசியாவிலிருந்து கொண்டுபோய் அங்கே விட்டார்கள், பெருகிவிட்டது. அவரிடம் இருப்பது 9.3×62 ரைஃபிள். பெர்லின் துப்பாக்கிக் கம்மியர் ஓட்டோ போக் 1905இல் வடிவமைத்த தோட்டா அது. "மச்சான், முப்பது-ஆட்-சிக்ஸுக்கு நான் போடுற மருந்தை இதுல போட்டா வேகமே வர மாட்டேங்குது, கூடு மட்டும் நிரம்பிடுது" என்றார் ஒரு நாள். மருந்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான் என்பதால், காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

கணக்கு இதுதான். அவர் முப்பது-ஆட்-சிக்ஸ் என்றது .30-06 என்று எழுதும் தோட்டாவை. அதன் குண்டு 7.82 மில்லிமீட்டர் குறுக்களவு, 9.3×62இன் குண்டு 9.3. குறுக்களவு கொஞ்சம்தான் கூடுகிறது, ஆனால் குழலின் வாய்ப்பரப்பு சுமார் 1.4 மடங்காகிறது. குண்டு ஒவ்வொரு மில்லிமீட்டர் நகரும்போதும் பின்னால் திறக்கும் இடமும் 1.4 மடங்கு. இடம் வேகமாக விரிந்தால் அழுத்தம் வேகமாக இறங்கும். அதை ஈடுகட்ட வாயு சீக்கிரம் வர வேண்டும், அதாவது சற்று விரைவாக எரியும் மருந்து வேண்டும். அதனால்தான் .30-06இன் கனமான குண்டுகளுக்குப் பொருந்தும் 4350 வகை மருந்து, நடுத்தரக் குழலுக்கு வரும்போது மந்தமாகி, வார்கெட், ரெலோடர் 15 போன்ற சற்று விரைவான மருந்துகள் முன்னுக்கு வருகின்றன. அதே குழலில் குண்டின் எடை கூடினால் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்: கனமான குண்டு மெல்ல நகரும், இடம் மெல்லத் திறக்கும், கொஞ்சம் நிதானமான மருந்தும் ஒத்துப்போகும். குழல், கூடு, குண்டு மூன்றும் சேர்ந்துதான் மருந்தைத் தீர்மானிக்கின்றன.

நடுத்தரக் குழல் என்பது ஏறத்தாழ 8.5 முதல் 9.5 மில்லிமீட்டர் வரை. 'மீடியம் போர்' என்றே நம்மவர்கள் சொல்வார்கள். தமிழில் எழுதினால் படிப்பவர் ஏதோ யுத்தம் என்று நினைக்கும் ஆபத்து உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்கு ஊரில் 'போர் போடுவது' என்பதும் இதே ஆங்கிலச் சொல்தான். 'குழல்' என்று எழுதிவிடுவது நல்லது.

மருந்து டப்பாவின் பெயரில் ஒரு பொறி உண்டு. ஐ.எம்.ஆர் 4350, எச் 4350 இரண்டும் எண்ணில் ஒன்று, மருந்தில் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. மறுபுறம், அமெரிக்காவில் எச் 4350 என்று விற்பதும் ஆஸ்திரேலியாவில் ஏ.ஆர் 2209 என்று விற்பதும் ஒரே ஆஸ்திரேலிய ஆலையில் செய்யும் ஒரே மருந்து. வார்கெட்டுக்கு அங்கே ஏ.ஆர் 2208 என்று பெயர். ஒரே பெயரில் இரண்டு மருந்து, இரண்டு பெயரில் ஒரே மருந்து!

வெப்பமும் மருந்தளவில் தலையிடும். 1889இல் பிரிட்டனில் வந்த கார்டைட் என்ற புகையில்லா மருந்து கயிறு கயிறாக இருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. முதல் வகையில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். குளிர்நாட்டில் ஒழுங்காக இருந்த தோட்டா, இந்தியா மாதிரி வெயில் நாட்டில் அழுத்தம் ஏறிச் சுட்ட கூடு குழலில் சிக்கிக்கொள்ளும். அதனால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தளவு குறைத்த தோட்டாக்களைத் தனியாக விற்றார்கள். 1912இல் வந்த .375 தோட்டாவின் நீண்டு சரிந்த கூடும் கார்டைட் காலத்து வடிவம்தான். மலாயாக் காட்டிலும் வேட்டை நடந்த காலம் அது. சிங்கப்பூரிலேயே கடைசிக் காட்டுப்புலி சுவா சூ காங்கில் சுடப்பட்டது 1930இல்.

எடைக்கு வருவோம். மருந்தையும் குண்டையும் 'கிரெயின்' கணக்கில்தான் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். இதைத் தானியம் என்றோ மணி என்றோ பெயர்த்தால், மருந்துக் குச்சிகளை எண்ணிப் போடச் சொல்வதாக ஒருவர் நினைக்கலாம். எடைப் பெயரைக் கிரெயின் என்றே விட்டுவிடலாம். ஆனால் அளவு மனதில் நிற்க நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. இங்கே சாகா மரத்தடியில் சிவப்பு விதை பொறுக்காத பிள்ளை உண்டா? அதுதான் மஞ்சாடி. தட்டார்கள் பொன் நிறுத்த மஞ்சாடி எடை ஏறத்தாழ நான்கு கிரெயின். 9.3×62இன் வழக்கமான 286 கிரெயின் குண்டை எழுபது மஞ்சாடிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மருந்துத் தராசு இந்த விதையின் நாற்பதில் ஒரு பங்கு வரை காட்ட வேண்டும்.

மீதிச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'தோட்டா' உருது வழியாக வந்தது. கூடு, தீமூட்டி, உந்துமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருளுக்குத்தான் அந்தப் பெயர். 'உடலில் பாய்ந்த தோட்டா அகற்றப்பட்டது' என்று செய்தியில் வருவது தவறு. பாய்வது குண்டு மட்டும், கூடு சுட்டவரிடமே விழுந்து கிடக்கும். ஈழத்தில் இதற்கு 'சன்னம்', 'ரவை' என்ற சொற்கள் உண்டு. துப்பாக்கிக்குத் துவக்கு, வாய்வழி மருந்து இடித்து நிரப்பும் பழைய வகைக்கு இடியன். தேசிய சேவையில் பிள்ளைகள் 'ரவுண்டு' என்பது முழுத் தோட்டாவை. 'மேகசின்' அரபியில் கிடங்கைக் குறித்த சொல். கிளார்க் கீ பக்கம் இருக்கும் மேகசின் சாலையின் பெயர் அங்கே இருந்த மருந்துக் கிடங்கால் வந்தது, வார இதழால் இல்லை.

கையால் தோட்டா நிரப்புவதற்கு என்ன சொல்லலாம்? துப்பாக்கியில் மருந்து போடுவதற்குக் 'கெட்டித்தல்' என்ற பழைய சொல் இருக்கிறது. ஆனால் அது கோலால் இடித்து இறுக்கும் காலத்துச் சொல். உந்துமருந்தை யாரும் இடிப்பதில்லை. பட்டாசுத் தொழிலில் 'வெடி கட்டுவது' என்பார்கள். அதை ஒட்டித் 'தோட்டா கட்டுதல்' என்றும், அப்படிக் கட்டியதைக் 'கைத்தோட்டா' என்றும் சொல்வது இயல்பாக இருக்கிறது. மைத்துனர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர் ஊரில் உரிமத்தோடு செய்வது அது. இங்கே சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும். ஆகவே நமக்குச் சொல் மட்டும்தான்.