மிஸ், அந்த மூலையைத் தொடுங்க

கரும்பலகையும் சாக்பீஸுமாக 18 வருடம் கணக்குப் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தால், சுவரில் ஸ்மார்ட் போர்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டேன். நான் தொட்ட இடத்தில் விழாமல் நாலு விரல் தள்ளி விழுந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் தள்ளியே விழுந்தது. முதுகுக்குப் பின்னால் 40 பேர். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மிஸ், காலிபரேஷன் போயிருக்கு, செட்டிங்ஸ்ல போய் அந்த மூலையைத் தொடுங்க..." என்று ஆரம்பித்தான். "உட்காரு, எனக்குத் தெரியும்" என்றேன். தெரியாது.

அடுத்த பத்து நாள் அந்தப் போர்டின் பக்கமே போகவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டவர்களிடம், "சாக்பீஸில் வராத கணக்கு இதில் வந்துவிடுமா?" என்று வீராப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அதைக் கேட்டது கணக்குக்காக இல்லை, மானத்துக்காக.

பதினோராவது நாள் அந்தப் பையனையே கூப்பிட்டேன். தொடும் இடமும் கோடு விழும் இடமும் ஒத்துப்போவதற்காக, திரையில் ஒவ்வொன்றாக வந்த கூட்டல் குறிகளைத் தொட்டுக்கொண்டே போனான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதான் மிஸ். புரொஜெக்டரை யாராவது இடிச்சா திரும்பவும் இப்படி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அந்தப் போர்டு வரும்வரை அந்த வருடம் என் வகுப்பில் அவன் வாயைத் திறந்ததே இல்லை.

இப்போது என் வேலையில் பாதி, மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனிப்பதும், பிறகு அவர்களோடு பேசுவதும்தான். "வயதாகிவிட்டது, இதெல்லாம் வராது" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதே ஆள் வீட்டில் போனில் பணம் அனுப்புவார், பேரக்குழந்தையோடு வீடியோவில் பேசுவார். வராமல் இல்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடுமாற மனம் ஒப்பவில்லை. ஆசிரியர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று நம்மை நாமே ஒரு மேடையில் ஏற்றி வைத்திருக்கிறோம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு மணி நேரம் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த அப்டேட்டில் பட்டன் இடம் மாறிவிடும்.

பட்டனிலிருந்து தொடங்காமல், உங்கள் பாடத்தில் பிள்ளைகள் வருடா வருடம் எங்கே முட்டி நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. எனக்கு அது அரைவட்டக் கோணம். விட்டத்தின் இரு முனைகளையும் அரைவட்டத்தின் மேல் ஒரு புள்ளியோடு சேர்த்தால் அங்கே அமையும் கோணம் செங்கோணம் என்று பலகையில் ஒரு படம் வரைவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் புள்ளியை வேறு இடத்தில் வைத்துக் கொடுத்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். காரணம், நான் வரைந்தது ஒரே ஒரு முக்கோணம். அவர்கள் மனதில் பதிந்ததும் அந்த ஒன்றுதான்.

ஜியோஜீப்ரா என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 2001-இல் ஆஸ்திரியாவில் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. அதில் வட்டத்தை வரைந்து, புள்ளியை விரலால் பிடித்து வட்டத்தின் மேலேயே நகர்த்தினேன். எங்கே போனாலும் கோணம் 90 பாகை. முதல் வருடம் அப்படியே ஓட்டிக் காட்டிவிட்டேன். "ஆ" என்றார்கள், மறுநாள் மறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் நகர்த்துவதற்கு முன்னால் நிறுத்தி, "கோணம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? நோட்டில் எழுதுங்கள்" என்றேன். எழுதிய பிறகுதான் நகர்த்தினேன். பாதிப் பேருடைய ஊகம் தவறாகப் போனது. அப்போது ஒரு பெண், "மிஸ், புள்ளியை வட்டத்துக்குள்ளே இழுத்தா?" என்று கேட்டாள். இழுத்தோம், 90-ஐத் தாண்டியது. வெளியே இழுத்தோம், 90-க்குக் கீழே போனது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர்களே கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடமும் மென்பொருள் அதேதான். மாறியது, நகர்த்துவதற்கு முன்னால் நான் நிறுத்திய அந்த அரை நிமிடம்.

நிறுத்துவது என்றதும் ஸ்லைடு ஞாபகம் வருகிறது. ஒரு வகுப்பில் உட்கார்ந்து எண்ணினேன்: 40 நிமிடப் பாடவேளையில் 42 ஸ்லைடு. ஆசிரியர் நல்லவர், இரவெல்லாம் விழித்துத் தயாரித்திருந்தார். திரையில் இருப்பதை அப்படியே படித்தார். பிள்ளைகளும் கூடவே கண்ணால் படித்தார்கள். கண்ணும் காதும் ஒரே வாசகத்துக்காகப் போட்டி போட்டால் புரிதல் குறைகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். படத்தைத் திரையில் வைத்து விளக்கத்தை வாயால் சொன்னால் நன்றாக ஏறுகிறது. அதே விளக்கத்தைத் திரையிலும் எழுதி வைத்தால் இறங்குகிறது.

சாக்பீஸுக்கு ஒரு குணம் உண்டு, அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கை எழுதும் வேகத்துக்கு மேல் பாடம் ஓடாது. பத்தாவது வரியை எழுதும்போதும் முதல் வரி அங்கேயே இருக்கும். இடையில் தவறவிட்ட பிள்ளை கண்ணை மேலே ஓட்டிப் பிடித்துக்கொள்ளும். ஸ்லைடில் முந்தைய வரி போயே போய்விடுகிறது. அதனால் போர்டு வந்தாலும் கரும்பலகையைக் கழற்ற வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டேன். இப்போது என் வகுப்பில் படம் திரையில், படிகள் பலகையில்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே அளந்து சொன்னார். மூன்று விநாடிக்கு நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். கையில் ஸ்லைடை மாற்றும் கிளிக்கர் இருந்தால் அந்த ஒரு விநாடியும் போய்விடுகிறது. நானே பார்த்திருக்கிறேன், பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே விடை திரையில் பறந்து வந்து விழுகிறது.

புதுக் கருவி வரும்போதெல்லாம் பெரிய வாக்குறுதியும் கூடவே வரும். பள்ளிகளில் புத்தகங்கள் சீக்கிரமே வழக்கொழியும், திரைப்படம்தான் கற்பிக்கும் என்று தாமஸ் எடிசன் 1913-இல் சொன்னார். பெரு நாட்டில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 300-க்கு மேற்பட்ட கிராமப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. மடிக்கணினி கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பாடம் நடத்தும் விதம் மாறாமல் பெட்டி மட்டும் வந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. சில மாதங்களிலேயே வீட்டுப்பாடக் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி வழவழப்பாகிவிட்டன. சக ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவியின் கட்டுரையை, எழுதியது மனிதரா இயந்திரமா என்று சொல்லும் கண்டுபிடிப்பான் ஒன்றில் போட்டுப் பார்த்தார். இயந்திரம் எழுதியது என்று சொன்னது. அந்தப் பெண் அழுதாள். அடுத்த நாள் அவள் கொண்டுவந்த ரஃப் நோட்டில் அதே கட்டுரை அடித்தல் திருத்தலோடு நான்கு பக்கம் இருந்தது. ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார், வகுப்புக்கு முன்னாலேயே கேட்டார். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

இந்தக் கண்டுபிடிப்பான்களை நம்பி ஒரு பிள்ளையின் மேல் பழி போடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் என்றது. துல்லியம் போதாது என்று அந்த ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பதில் நான் செய்வது பழைய முறைதான். முதல் பத்தியை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்கிறேன். வீட்டிலிருந்து வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மூன்றாவது வரியை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கிறேன். இரண்டு நிமிடம் போதும், எழுதியவருக்குத் தெரியும். வீட்டுப்பாடத்துக்கான மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டேன். மதிப்பெண் குறைந்ததும் காப்பியடிக்கும் ஆசையும் பாதி குறைந்துவிட்டது.

நம் பக்கமும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். வினாத்தாள் தயாரிக்க நானும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறேன். விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் பெயரோடு மதிப்பெண் பட்டியலைத் தூக்கி அதில் போடுவது வேண்டாம். அது எங்கே போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. சின்ன வகுப்புக்காரர்களை இதில் நேரடியாக உட்கார வைப்பதும் கூடாது. வகுப்பறையில் இதைப் பயன்படுத்த 13 வயதாவது ஆக வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டி சொல்கிறது.

தலைமையாசிரியர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவு ஒரு ஆப், மதிப்பெண் இன்னொரு ஆப், போட்டோ எடுத்து அனுப்ப வாட்ஸ்அப், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு. இதையெல்லாம் தொழில்நுட்பம் என்று சொல்லி எங்கள் தலையில் வைத்தால், பாடத்துக்கான தொழில்நுட்பம் வரும்போது எங்களிடம் தெம்பு இருக்காது. வாரத்துக்கு ஒரு பாடவேளை ஆசிரியர்களுக்கு மாற்றி மாற்றி ஓய்வு கொடுங்கள். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காரட்டும். நான் கற்றதெல்லாம் அப்படித்தான், பயிற்சி முகாமில் இல்லை.

போன வாரம் ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கிற ஓர் அக்கா கூப்பிட்டார். ஸ்மார்ட் போர்டை "அந்தப் பெட்டி" என்றே சொல்லி வந்தவர். சராசரி வேகத்துக்கு ஒரு கணக்கைக் கொடுத்து, "நம்பும்படியாக ஒரு தப்பு வைத்து விடை எழுது" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டாராம். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40, ஆக சராசரி 50 என்று அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை அப்படியே பலகையில் எழுதிவிட்டு, "இதில் ஒரு தப்பு இருக்கிறது" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். முதலில் எல்லோரும் 50 சரிதான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ஒருவன் தூரத்தை 120 கிலோமீட்டர் என்று வைத்து, போக இரண்டு மணி, வர மூன்று மணி என்று கணக்குப் போட்டு 48-இல் வந்து நின்றிருக்கிறான். மணி அடித்த பிறகும் இரண்டு பேர் பலகையை விட்டு நகரவில்லையாம், 100 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 48 வருமா என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.