பாதை வேலைக்குப் போகிறீர்களா? பையில் என்ன உடுப்பு வைத்திருக்கிறீர்கள்?

பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் பாதையாகட்டும், குரங்கணி, மேகமலைப் பக்கத்துப் பாதைகளாகட்டும், ஒரு மழைக்காலம் போனால் உண்ணிச்செடியும் புல்லும் மூடிவிடும், தண்ணீர் அரித்துக் கல் பெயர்ந்து கிடக்கும். வனத்துறை அனுமதியோடு அதைச் சீர்செய்யப் போகும் இளைஞர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள், மதுரை, கோவையிலிருந்தும் வருகிறார்கள். நல்ல காரியம். திரும்பி வந்தபின் அவர்களில் சிலரை மருத்துவராக நான் பார்க்கிறேன். வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி, கிளம்பும் முன் பையில் எதை மடித்து வைத்தார்கள் என்பதிலேயே தடுத்திருக்கக் கூடியது.

மலையேறப் போகிறவர்கள் அணிவதையே இவர்களும் எடுத்துப் போகிறார்கள்: அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், கணுக்காலோடு நிற்கும் காலுறை. நடந்து போகிறவர் பாதையின் நடுவில் போகிறார், புதர் அவர் மேல் படுவதே குறைவு. பாதை வேலை செய்பவரோ அந்தப் புதருக்குள்ளேயே குத்தவைத்து, முழங்கால் ஊன்றி, கையை விட்டு வேரைப் பிடுங்குகிறார், வேர்த்து நனைந்து அப்படியே கல்லில் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறார். இரண்டுக்கும் ஒரே உடுப்பு சரிவராது. சந்தேகம் இருந்தால் விடிகாலையில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் நம் ஊர் அக்காக்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துண்டு. காட்டில் எதை மூட வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், இரண்டும் கொஞ்சம் தொளதொளப்பாக, வெளிர் நிறத்தில். வெளிர் நிறம் எதற்கென்றால், ஏறும் உண்ணியும் அட்டையும் கண்ணுக்குத் தெரியும். சட்டையைப் பேண்டுக்குள்ளும், பேண்ட் நுனியைக் காலுறைக்குள்ளும் செருகிவிடுங்கள், பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனத்துப் போகும், மறுநாள் காலைவரை காயாது, தொடையிடுக்கில் உரசித் தோலை உரித்துவிடும். அந்த ஈரத்திலேயே இரண்டு நாள் இருந்தவர்கள் படர்தாமரையோடு வருகிறார்கள், அதற்குள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசி அதை இன்னும் பரப்பியும் வைத்திருப்பார்கள். தயவுசெய்து அந்தக் களிம்பை வாங்காதீர்கள்.

துணி விஷயத்தில் ஒரே விதி கிடையாது. மழைக்காலத்தில் பருத்தி தண்ணீரைக் குடித்து உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் சீக்கிரம் காயும் பாலியெஸ்டர், நைலான் நல்லது. ஆனால் மாசியிலிருந்து சித்திரை வரை புல் காய்ந்து கிடக்கும் காலம் வேறு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை எங்கள் தேனி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். எந்தத் துணியும் அப்படிப்பட்ட தீயிலிருந்து காப்பாற்றாது, காடு காய்ந்திருக்கும்போது வனத்துறை போகாதே என்றால் போகாமல் இருப்பதுதான் வழி. அனுமதி கிடைத்துப் போகும் நாட்களில் கூட, நைலான் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நினைவிருக்கட்டும். சமையல் அடுப்புப் பக்கம் நிற்பவர் கெட்டியான பருத்திச் சட்டை போடுவது நல்லது.

அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல, முழங்கால் வரை வரும் நெருக்க நெசவு அட்டைக் காலுறை போதும். கடித்துவிட்டால் நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள், நெருப்பு வைக்க வேண்டாம். கடிவாயில் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

நான் உண்மையில் பயப்படுவது கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக்காய்ச்சல். புதரிலும் புல் விளிம்பிலும் இருக்கும் ஒரு வகைச் சிறுபூச்சியின் குஞ்சுகள் கடித்து வருவது, அதாவது நீங்கள் வெட்டப் போகும் இடமேதான் அவற்றின் வீடு. தரையிலிருந்து ஏறி, துணி இறுக்கிப் பிடிக்கும் இடம்வரை ஊர்ந்து போய் அங்கே கடிக்கும். இடுப்புப் பட்டை, உள்ளாடை ஓரம், அக்குள், தொடையிடுக்கு, பெண்களுக்கு மார்புக்குக் கீழே. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு வரலாம், வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் வருவதும் இல்லை. காய்ச்சல் வர ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகும், அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகும். நேரத்தில் தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிந்த மாத்திரையில் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

இதற்காகத்தான் இரண்டு செட் உடுப்பு என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். வேலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ராத்திரி உடுப்பை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிடுங்கள், என்ன மழை பெய்தாலும் பகலில் அதைத் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் மாற்றுங்கள். வேர்த்த சட்டையைக் கழற்றிப் புதர் மேல் காயப் போடுவது எல்லோருக்கும் பழக்கம், அதைச் செய்யாதீர்கள். பூச்சியை நீங்களே சட்டைக்குள் அழைக்கிறீர்கள். ஒரு கயிறு எடுத்துப் போய்க் கொடி கட்டுங்கள். வெறும் புல்லில் படுக்கவும் வேண்டாம். அழுக்கு உடுப்பைத் தனிப்பையில் கட்டிக் கொண்டுவந்து, வீட்டில் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள்.

கை காலுக்கு: கெட்டியான கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, காலுறை கூடுதலாக இரண்டு ஜோடி. சருகோடு சருகாகக் கிடக்கும் குழிவிரியன் இந்த மலைகளில் உண்டு, கல்லைப் புரட்டும் கையைத்தான் கடிக்கும். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான், குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. ஆகவே கல்லைக் கடப்பாரையால் நெம்புங்கள், கையுறை போட்டிருந்தாலும் அடியில் விரலை விடாதீர்கள். செருப்போடு மண்வெட்டி பிடிக்கிறவரை குழுத்தலைவர் வேலைக்கே சேர்க்கக்கூடாது.

அப்புறம், காட்டிலிருந்து திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி எது வந்தாலும் மருத்துவரிடம் போனதும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது, "காட்டுல செடி வெட்டப் போயிருந்தேன்" என்பது. உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள், இடுப்புக்குக் கீழே இருந்தாலும்.