ராஸ் என்று பெயர் வைத்த எல்லோரும் சொந்தக்காரர்களா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கோடை மழை ஓய்கிற சமயத்தில் ஒரு காய்ச்சல் தலைகாட்டும். மூட்டு வீங்கும், விரலை மடக்க முடியாது, சிலருக்கு வலி மாதக்கணக்கில் இழுக்கும். சிக்குன்குனியா வந்து எழுந்தவர்களுக்கு இந்த வலியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இரண்டு வைரஸ்களும் ஆல்ஃபா வைரஸ் என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் பரப்புவது கொசுதான். ஆஸ்திரேலியக் காய்ச்சலுக்குப் பெயர் ராஸ் ரிவர் காய்ச்சல்.

கொசு, காய்ச்சல், ராஸ். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் பள்ளிப் பாடம் படித்த யாருக்கும் ரொனால்டு ராஸ் ஞாபகம்தான் வரும். 1857-இல் அல்மோராவில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இந்தியா முழுக்கச் சுற்றியவர். ஊட்டியை ஒட்டிய சிகூர் பகுதிக்குப் போய்த் தானே மலேரியாவில் படுத்தவர். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில், நான்கு நாள் முன்பு ஒரு மலேரியா நோயாளியைக் கடிக்க விட்ட கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். வயிற்றுச் சுவரில் கருப்புத் துகள்களுடன் உருண்டையான செல்கள் இருந்தன. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்வதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. அந்த நோயாளியின் பெயர் ஹுசைன் கான். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓர் அணா கூலி. 1902-இல் நோபல் பரிசு ராஸுக்குப் போனது. ஹுசைன் கானின் பெயரையும் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, ராஸ் ரிவர் காய்ச்சலுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்களா? இல்லை. டவுன்ஸ்வில் ஊர் வழியாக ஓடும் ராஸ் ஆற்றின் கரையில் 1959-இல் பிடித்த கொசுக்களில் அந்த வைரஸ் கிடைத்தது. அதனால் ஆற்றின் பெயர் வைரஸுக்கு வந்தது. ஆற்றின் பெயரோ 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய இன்னொரு ராஸிடமிருந்து வந்தது. மருத்துவருக்கும் இந்த ஆற்றுக்கும் எந்தப் பந்தமும் கிடையாது.

இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அண்டார்டிகா, அந்தமான், கனடா, ஆப்பிரிக்கா, கோழிப்பண்ணை, நட்சத்திரம் என்று எங்கெங்கோ போய்ச் சேரலாம். ஒவ்வொரு இடத்திலும் பெயர் ஒட்டிக்கொண்ட வழி வேறு. பெயர் ஒன்று என்பதை வைத்து உறவைக் கண்டுபிடிக்க முடியாது. அது எந்த விதிப்படி வந்தது என்று பார்த்தால்தான் உறவு தெரியும்.

முதலில் மனிதர்களைப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோருக்கு அப்பா பெயர் இனிஷியலாக ஒரு தலைமுறை நிற்கும், அப்புறம் மாறிவிடும். ஆங்கிலேயக் குடும்பப் பெயர் அப்படியில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒய் குரோமோசோமும் இதே வழியில்தான் போகிறது. ஆகவே ஒரு குடும்பப் பெயர் ஒரே ஒரு மூதாதையிடம் தொடங்கியிருந்தால், இன்று அந்தப் பெயருள்ள ஆண்கள் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும். தத்தெடுப்பு, தாய் வழியில் பெயர் எடுப்பது, ஊரறியாத உறவு என்று இடையில் சில இழைகள் அறுந்திருக்கும், அவ்வளவுதான்.

இதை லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் சோதித்துப் பார்த்தார்கள். 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தாங்கிய ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே மரபுவழியில் வந்தவர்கள். ஸ்மித் என்று பெயர் வைத்தவர்களோ தெருவில் போகிற எந்த இருவரைப் போலவும்தான் இருந்தார்கள். அரிய பெயர் என்றால் உறவு, பரவலான பெயர் என்றால் உறவுக்கு உத்தரவாதம் இல்லை.

ஏன் அப்படி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பெயரும் ஒரே ஒரு ஆணிடம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆணுக்கு மகனே இல்லாமல் போகும் வாய்ப்பு கால் பங்கு, ஒரே மகன் பிறக்கும் வாய்ப்பு அரைப் பங்கு, இரண்டு மகன்கள் பிறக்கும் வாய்ப்பு கால் பங்கு என்று வையுங்கள். சராசரி ஒரு மகன். மக்கள் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியிருந்தும் முதல் தலைமுறையிலேயே 25 சதவீதப் பெயர்கள் அழிந்துவிடும். இரண்டாவது தலைமுறைக்குள் 39 சதவீதம், மூன்றாவதுக்குள் 48 சதவீதம், நான்காவதுக்குள் 55 சதவீதம். விட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் 1870-களில் குடும்பப் பெயர்கள் அழிவதைப் பற்றி யோசித்தபோது பிறந்த கணிதம் இது. பின்னாளில் அணுக்கரு சங்கிலி வினைக்கும் தொற்றுநோய் பரவலுக்கும் இதே கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள்.

இந்தச் சல்லடையில் தப்புவதற்கு நல்ல வழி, ஒரு பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைப்பது. ராஸ் அப்படிப்பட்ட பெயர். வடக்கு ஸ்காட்லாந்தில் ராஸ் என்றொரு வட்டாரம் உண்டு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தைக் குறிக்கும் கேலிக் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்த மண்ணை ஆண்ட பிரபுக்களும் அவர்களை அண்டியிருந்த குடிகளும் அதையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். குடிகள் எல்லோரும் பிரபுவின் ரத்தமாக இருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் குடியேறிய யூதர்களில் சிலர் ரோசன்பர்க் போன்ற பெயர்களைச் சுருக்கி ராஸ் ஆனார்கள். செரோக்கி பழங்குடியினருக்கு 1828 முதல் 1866 வரை முதன்மைத் தலைவராக இருந்து, அவர்களுடைய நிலத்துக்காக வாஷிங்டனில் போராடிய ஜான் ராஸ், ஸ்காட்லாந்து வழி வந்த அப்பாவிடமிருந்து பெயரை எடுத்தவர். அடிமைத்தளையிலிருந்து தப்பி, மற்றவர்களையும் தப்பவைத்த ஹாரியட் டப்மனின் பிறந்த பெயர் அரமின்டா ராஸ். இத்தனை பேரையும் ஒரே குடும்ப மரத்தில் ஏற்ற முடியாது.

இன்னொரு ஜான் ராஸ், பிரிட்டிஷ் கடற்படைக்காரர். 1818-இல் ஆர்க்டிக்கில் வழி தேடிப் போனவர், லங்காஸ்டர் நீரிணையை மலைத்தொடர் ஒன்று அடைத்து நிற்பதாகக் கண்டு, கடற்படைச் செயலாளர் குரோக்கரின் பெயரை அதற்கு வைத்துவிட்டுத் திரும்பினார். அங்கே மலை கிடையாது, கானல் காட்சி. அவருடைய அண்ணன்தம்பி வழிப் பிள்ளை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கொஞ்சம் அதிர்ஷ்டக்காரர். சிற்றப்பனோடு போன பயணத்தில் 1831 ஜூன் 1 அன்று வட காந்த முனையைக் கண்டார். பத்து வருடம் கழித்து எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு அண்டார்டிகாவுக்குள் நுழைந்து, கிட்டத்தட்ட பிரான்ஸ் நாட்டளவு மிதக்கும் பனித்தட்டின் விளிம்பைப் பார்த்தார். அதற்கு விக்டோரியா ராணியின் பெயரைத்தான் வைத்தார். கூட வந்தவர்கள், மேலதிகாரிகள், கப்பல்கள் என்று எல்லோருக்கும் பெயரைப் பகிர்ந்து கொடுத்தார், தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. ராஸ் கடல், ராஸ் பனித்தட்டு, ராஸ் தீவு எல்லாம் பின்னால் வந்தவர்கள் அவருக்குச் செய்த மரியாதை.

விலங்குகளுக்குப் பெயர் வருவது இப்படி மரியாதையால் மட்டும் அல்ல, சட்டத்தால். ஒரு ஆணின் நினைவாக உயிரினத்துக்குப் பெயர் வைத்தால் லத்தீனில் ஆண்பால் விகுதி, பெண்ணின் நினைவாக வைத்தால் பெண்பால் விகுதி. ஒரே உயிரினத்துக்கு இரண்டு பேர் பெயர் வைத்துவிட்டால், முதலில் அச்சில் வந்தது நிற்கும். யார் முதலில் பார்த்தார்கள், யாருக்கு அந்தப் பெருமை சேரவேண்டும் என்பதெல்லாம் கணக்கில் வராது.

அண்டார்டிகாவிலிருந்து ஜேம்ஸ் ராஸ் கொண்டுவந்த சீல் மாதிரிகளைப் பார்த்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்டு கிரே 1844-இல் ஓமட்டோஃபோகா ராஸ்ஸீ என்று பெயரிட்டார். அதில் முதல் சொல் கண்ணைச் சொல்கிறது. உண்மையிலேயே அதன் கண் அவ்வளவு பெரிது; மண்டையோட்டைப் பார்த்தால் கண்குழியே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது போலிருக்கும். பனிக்கட்டிகளுக்கு அடியில், வெளிச்சம் மங்கிய ஆழத்தில் மீனையும் கணவாயையும் துரத்துகிற பிராணிக்கு அந்தக் கண் வேண்டியிருக்கிறது. சைரன் போல் ஏறி இறங்கும் குரல் வேறு.

அதே மனிதரின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் ராஸ் கடற்காக்கையின் கதை நேர்மாறு. 1823-இல் இளம் அதிகாரியாக இருந்த ராஸ் அதை மெல்வில் தீபகற்பத்தில் சுட்டெடுத்தார். மார்பில் இளஞ்சிவப்பு படர்ந்த, கழுத்தில் மெல்லிய கருப்பு வளையம் போட்ட அழகான பறவை. பயணத்தின் பறவைகளை முறைப்படி விவரிக்க வேண்டியவர் ஜான் ரிச்சர்ட்சன். அவர் ராஸின் பெயரையே வைத்தார். ஆனால் எடின்பரோவில் அந்தத் தோலைப் பார்த்த வில்லியம் மக்கில்லிவ்ரே 1824-இல் அதன் நிறத்தை வைத்து ரோசியஸ் என்று முந்திக்கொண்டு அச்சேற்றிவிட்டார். ஆகவே அறிவியல் பெயரில் இன்று நிறம் இருக்கிறது, ராஸ் இல்லை. அந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்பதே 1905 வரை பறவையியலாளர்களுக்குப் புதிராக இருந்தது. சைபீரியாவின் கோலிமா ஆற்றுக் கழிமுகத்தில் செர்கெய் புதூர்லின் கண்டுபிடித்தார்.

வட அமெரிக்காவின் ராஸ் வாத்தும் இவர் பெயர்தான் என்று நினைத்தால் மறுபடி ஏமாற்றம். அது பெர்னார்டு ராஸ், கனடாவில் ஹட்சன் விரிகுடா கம்பெனியின் வியாபார அதிகாரி. ஜான் கேசின் 1861-இல் வைத்த பெயர். விகுதிகூட அதே ராஸ்ஸீ. சீலின் ராஸ்ஸீயும் வாத்தின் ராஸ்ஸீயும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆட்கள் வேறு.

எனக்குப் பிடித்த ராஸ் பறவை, ஆப்பிரிக்காவின் ராஸ் துராக்கோ. அதன் அறிவியல் பெயரில் இரண்டாவது சொல் ராஸ்ஸே, பெண்பால் விகுதி. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த பேட்ரிக் ராஸின் மனைவி எலைசா ராஸ் நினைவாக 1850-களின் தொடக்கத்தில் ஜான் கோல்டு வைத்தது. ஆழ்ந்த ஊதா உடல், மஞ்சள் அலகு. இறக்கையை விரித்தால் ரத்தச் சிவப்பு. பெரும்பாலான பறவைகளின் சிவப்பு, தின்னும் தீனியிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமி. துராக்கோவின் சிவப்பு அப்படியல்ல. துராசின் என்ற அந்த நிறமியின் நடுவில் செம்பு அணு உட்கார்ந்திருக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு அமர்ந்திருக்கும் அதே மாதிரி வளைய அமைப்பு, இரும்புக்குப் பதில் செம்பு. பழங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பைச் சேர்த்து இறகுக்குக் கொடுக்கிறது அந்தப் பறவை.

எண்ணிக்கையில் இவை எல்லாவற்றையும் மிஞ்சிய ராஸ் உயிர் ஒன்று உண்டு: ராஸ் 308 பிராய்லர் கோழி. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் வியாபாரத்தில் பெரிதாக வளர்ந்த ராஸ் குழுமம் கோழித் தொழிலுக்குள்ளும் இறங்கியது. அந்தப் பெயர் இனவிருத்திக் கம்பெனிக்கும், பிறகு கோழிக்கும் போனது. இன்று ஏவியஜென் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்களுடைய இந்தியப் பிரிவு இயங்குவது நம் உடுமலைப்பேட்டையில்.

35 நாளில் 2 கிலோவைத் தாண்டும் இந்தக் கோழியில் பெயர் வேலை செய்யும் விதம், குடும்பப் பெயருக்கு முழுக்க எதிரானது. பல தலைமுறையாகத் தனித்தனியாகப் பராமரிக்கும் தாய்வழிகளையும் தந்தைவழிகளையும் குறிப்பிட்ட வரிசையில் கலக்கிறார்கள். தந்தைவழியில் சதை வளர்ச்சிக்கும், தாய்வழியில் முட்டை எண்ணிக்கைக்கும் தேர்வு நடந்திருக்கும். கடைசிக் கலப்பில் பிறக்கும் குஞ்சுதான் பண்ணைக்கு வருகிறது. அந்தப் பிராய்லர் சேவலையும் பெட்டையையும் சேர்த்துக் குஞ்சு பொரித்தால் குணங்கள் சிதறிவிடும். ஒன்று கொழுக்கும், ஒன்று தேறாது. ராஸ் 308-க்குப் பிறக்கும் பிள்ளை ராஸ் 308 ஆகாது. பெயர் வம்சத்துக்கு அல்ல, கலவைக்கு. அதனால்தான் பண்ணைக்காரர் ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கியே ஆக வேண்டியிருக்கிறது.

வானத்தில் இன்னும் எளிது. யெர்க்ஸ் வானாய்வகத்தில் ஃபிராங்க் ராஸ் என்பவர், தனக்கு முன்னால் பார்னார்டு எடுத்த பழைய ஒளிப்படத் தகடுகளைப் புதிதாக எடுத்தவற்றோடு மாறிமாறிப் பார்த்தார். இடைப்பட்ட காலத்தில் நகர்ந்துவிட்ட நட்சத்திரம் மட்டும் இங்கும் அங்கும் துள்ளும். அப்படித் துள்ளியவற்றுக்கு வரிசை எண் போட்டார். 11 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ராஸ் 128-ஐச் சுற்றி ஒரு கோள் இருப்பது 2017-இல் தெரியவந்தது. ராஸ் 248 நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது; சுமார் 36,000 ஆண்டுகளில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒட்டிய பெயரைக் கழற்றும் வேலையும் நடக்கிறது. அந்தமானில் ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) எதிரே, அளவையாளர் டானியல் ராஸின் பெயரால் வழங்கிய ராஸ் தீவு 2018 டிசம்பரிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. புது நோய்களுக்கு ஊர் பெயரோ ஆள் பெயரோ வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த யோசனை முன்பே இருந்திருந்தால் டவுன்ஸ்வில்காரர்களின் ஆறு தப்பித்திருக்கும். அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில், தன் எல்லைக்குட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் இருக்கும் மனிதர் பெயர்களை மாற்றப்போவதாக அறிவித்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். பெயரைக் கேட்டால் பறவையின் நிறமோ குரலோ தெரிவது வேடிக்கை பார்ப்பவர்களுக்கு உதவும்.

அந்த அறிவிப்பு முழுதாக நிறைவேறினால் ராஸ் கடற்காக்கையிடம் ராஸ் பெயர் எங்குமே இருக்காது. 1824-லேயே அறிவியல் பெயரை நிறம் எடுத்துக்கொண்டாயிற்று. வாத்தின் நிலை வேறு. ஆங்கிலப் பெயர் போனாலும், விலங்கியல் சட்டப்படி கேசின் வைத்த ராஸ்ஸீ அதன் அறிவியல் பெயரில் அப்படியே இருக்கும்.