புது ராமில் என்ன ஊத்தை?

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவர் புதுக்குடியிருப்பிலிருந்து எழுதிக் கேட்டிருந்தார். வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பிய காசில் முதன்முதலாகத் தானே ஒரு கொம்பியூட்டர் பூட்டியிருக்கிறார். பாகங்களில் கொஞ்சம் கொழும்பிலிருந்து கூரியரில் வந்தவை, மிச்சம் வவுனியாவில் வாங்கியவை. அம்மா பார்த்துச் சொன்ன நல்ல நேரத்தில் சுவிட்சைப் போட்டால் ஃபான் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மொனிட்டரில் மட்டும் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் பார்ப்பார், நிறுத்துவார், திரும்பப் போடுவார். அப்படியே இரவு போய்விட்டது. அடுத்த நாள் கேசிங்கை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் ராமை (கொம்பியூட்டர் ஓடும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகத் தகட்டை) கழற்றி, அழிறப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, திரும்பப் பூட்டினார். டிஸ்பிளே வந்துவிட்டது. தம்பியின் கேள்வி இதுதான்: "பெட்டியால அப்பதான் எடுத்த ராம். அதில என்ன ஊத்தை?"

இந்தக் கேள்விக்காகவே இவருக்கு விஞ்ஞானத்தில் ஒரு ஏ கொடுக்கலாம்.

முதலில் அந்த ஃபானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபான் சுற்றினால் கொம்பியூட்டர் ஓடுகிறது என்று நினைக்கிறோம். ஃபானுக்கு வேண்டியது 12 வோல்ற் மட்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ற்றாக மாற்றிக் கொடுத்ததும் அது சுற்றத் தொடங்கிவிடும். பிராசசர் உயிரோடிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வோல்ற்றேஜ் எல்லாம் தளம்பாமல் நிலைக்கு வந்த பிறகு, அரைச் செக்கனுக்குள், "எல்லாம் சரி" என்ற சமிக்ஞையை பவர் சப்ளை தனிக் கம்பி ஒன்றில் மதர்போர்ட்டுக்கு அனுப்பும். அதன் பிறகுதான் பிராசசர் விழித்து, பயோஸ் (கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் நிரல்) இருக்கும் சிப்பிலிருந்து தன் முதல் கட்டளையை வாசிக்கும்.

அந்த நேரத்தில் ராம் என்று ஒன்று பிராசசருக்கு இல்லை. ஸ்லொட்டில் இருக்கிறது, ஆனால் பாவிக்க முடியாது. தன் வயிற்றுக்குள் இருக்கும் கொஞ்சக் கேஷ் நினைவகத்தையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு அது வேலையைத் தொடங்குகிறது. முதல் வேலை ராமைப் பாவனைக்குக் கொண்டுவருவது. படம் காட்டும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே ராம் தயாராகும் வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பழுது இல்லாத கொம்பியூட்டரிலும் அப்படித்தான்.

இந்தத் "தயாராவது" என்ற விஷயத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன். டெஸ்க்டொப் கொம்பியூட்டருக்குள் நடக்கும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆங்கிலத்திலும் இதைப் பயிற்சி என்றே சொல்கிறார்கள்: மெமரி டிரெய்னிங்.

ராம் சிப்புக்குள் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு கொள்ளளவி, ஒரு திரான்சிற்றர். ஐபிஎம்மில் ரொபேர்ட் டெனார்ட் 1966இல் யோசித்த அமைப்பு, இன்றும் அடிப்படை அதுதான். கொள்ளளவியில் ஏற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஏற்றம் கசிந்துவிடும் என்பதால் டிடிஆர்4 ராம் (டிடிஆர்3, 4, 5 என்பவை ராமின் தலைமுறைகள்) ஒவ்வொரு 64 மில்லிசெக்கனுக்குள்ளும் எல்லாவற்றையும் வாசித்துத் திரும்ப எழுதிக்கொள்கிறது. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கும். அதில் இல்லாதது, அந்த பிட் பிராசசரிலிருந்து ராமுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது.

6000 என்று போட்ட டிடிஆர்5 ராமை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் செக்கனுக்கு 600 கோடி பிட்கள். அப்படியானால் ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 167 பிக்கோசெக்கன் (ஒரு பிக்கோசெக்கன் என்பது செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). அவ்வளவு நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி போகும் தூரமே 5 சென்ரிமீற்றர். மதர்போர்ட்டின் செப்புப் பாதையில் மின்சமிக்ஞையின் வேகம் அதில் ஏறக்குறைய பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பிட்டின் நீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர். பிராசசருக்கும் ராமுக்கும் இடையில் அதைவிட மூன்று நான்கு மடங்கு தூரம் இருக்கும். முதல் பிட் போய்ச் சேர முன்னமே அதற்குப் பின்னால் இரண்டு மூன்று பிட்கள் அதே கம்பியில் வந்துகொண்டிருக்கின்றன! நாங்கள் படித்த மின்சுற்றில் சுவிட்சைப் போட்டதும் கம்பி முழுவதும் ஒரே கணத்தில் அழுத்தம் வந்துவிடும். இங்கே கம்பியின் ஒரு முனையில் 1, நடுவில் 0, மற்ற முனையில் திரும்ப 1.

ஒரு ராம் ஸ்டிக்கில் (தகட்டில்) தரவுக்கு மட்டும் இப்படி 64 கம்பிகள். ஒன்றின் நீளம் மற்றதைவிட ஒரு மில்லிமீற்றர் கூடினால் அதில் வரும் பிட் 6, 7 பிக்கோசெக்கன் பிந்தும். மதர்போர்ட்டில் ராம் ஸ்லொட்டுக்கும் பிராசசருக்கும் இடையே வெளிச்சம் படச் சாய்த்துப் பார்த்தால், சில செப்புக் கோடுகள் காரணமில்லாமல் நெளிந்து போவது தெரியும். நேரே போனால் நீளம் குறைந்துவிடும் கோடுகளை, மற்றவற்றோடு சமமாக்குவதற்காக வேண்டுமென்றே வளைத்திருக்கிறார்கள். ஆனாலும் அது போதாது. ஒவ்வொரு போர்ட்டும் கொஞ்சம் வித்தியாசம், ஒவ்வொரு சிப்பும் கொஞ்சம் வித்தியாசம், தொழிற்சாலையால் முன்கூட்டியே ஒரு எண்ணைச் சொல்லி அனுப்ப முடியாது. ஆகவே உங்கள் மேசையில், உங்கள் பாகங்களோடு, பிராசசரே அளந்து பார்க்கிறது.

எப்படி அளக்கிறது? டிடிஆர்3 காலத்திலிருந்து ராம் ஸ்டிக்கில் கடிகாரச் சமிக்ஞை ஒரு சிப்பைத் தொட்டு, அடுத்ததைத் தொட்டு, வரிசையாகத்தான் போகிறது. கடைசிச் சிப்புக்கு அது பிந்தித்தான் கிடைக்கும். தரவுக் கம்பிகளோ ஒவ்வொரு சிப்புக்கும் நேரே வருகின்றன. ஆகவே கடைசிச் சிப்புக்கான தரவைப் பிராசசர் வேண்டுமென்றே தாமதித்து அனுப்ப வேண்டும். எவ்வளவு தாமதம்? அதைச் சிப்பிடமே கேட்கிறது. தரவோடு கூடவே வரும் துடிப்புச் சமிக்ஞை ஒன்று உண்டு. பிராசசர் அந்தத் துடிப்பை அனுப்ப, "இது வந்த கணத்தில் உன்னிடம் கடிகாரம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா?" என்பதற்குச் சிப் பதில் சொல்லும். கீழே என்றால் 0. துடிப்பை ஒரு சின்னப் படி தாமதித்துத் திரும்ப அனுப்பும். 0. இன்னொரு படி. 0. இன்னொரு படி. 1! அந்த இடத்தில்தான் துடிப்பும் கடிகாரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அந்தச் சிப்புக்கு அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த சிப்புக்குப் போகும்.

வாசிக்கும் பக்கம் இன்னும் அழகு. சிப் இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரிந்த ஒரு பிட் வரிசையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். பிராசசர் தான் கேட்கும் கணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். ஓரிடத்தில் பிழை நின்று சரியான வரிசை கேட்கத் தொடங்கும். இன்னும் நகர்த்தினால் திரும்பவும் பிழை வரும். இரண்டு விளிம்பும் தெரிந்தால் நடுவில் போய் நின்றுகொள்ளலாம். 1990களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர் குமிழைத் திருப்புவார். இரைச்சல் அடங்கிக் குரல் தெளியும், இன்னும் திருப்பினால் திரும்ப இரையும், பின்னுக்கு வந்து நடுவில் விடுவார். பிராசசர் செய்வது அதேதான். 64 கம்பிகளுக்கும் செய்கிறது. நேரத்தில் மட்டுமல்ல, எத்தனை வோல்ற்றுக்கு மேல் 1, எத்தனைக்குக் கீழ் 0 என்ற எல்லைக்கோட்டையும் மேலும் கீழும் நகர்த்தி அதற்கும் ஒரு நடுவைக் கண்டுபிடிக்கிறது.

இதற்கு நேரம் எடுக்கும். டிடிஆர்4 என்றால் பெரும்பாலும் தெரியாமலே முடிந்துவிடும். டிடிஆர்5இல், அதுவும் ராம் அளவு கூடினால், முதல் தடவை சில நிமிடங்கள்கூட ஆகலாம். 2022இல் டிடிஆர்5 மட்டுமே எடுக்கும் புது மதர்போர்ட்கள் வந்தபோது, எவ்வளவு ராமுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஸ்லொட்டின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியவர்களும் உண்டு. கண்டுபிடித்த எண்களைப் போர்ட் சேமித்து வைப்பதால் அடுத்த தடவை சீக்கிரம் வந்துவிடும்.

இப்போது தம்பியின் இரவை யோசியுங்கள், அவர் பூட்டியது டிடிஆர்5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்துகிறார். பாதியில் நின்ற பயிற்சி, திரும்பப் போடும்போது ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது. திரும்ப நிறுத்துகிறார். கடைக்காரரோ ராமைத் தேய்த்துப் பூட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, அடுத்து வந்தவரின் போனைப் பார்க்கத் திரும்பியிருப்பார். அந்த இடைவெளியில் பயிற்சி முடிந்திருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு: ஸ்டிக் ஒரு பக்கம் சரியாக அமர்ந்திருக்காது. இப்போதைய பல போர்ட்களில் ஸ்லொட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப். அந்தப் பக்கம் "டிக்" என்று விழுந்ததும் சரி என்று விட்டுவிடுவோம், மற்றப் பக்கம் ஒரு மில்லிமீற்றர் தூக்கிக்கொண்டு நிற்கும். கழற்றி அழுத்திப் பூட்டினாலே அது சரியாகிவிடும்.

அழிறப்பர் முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஐந்தாறு வருடம் ஓடிய கொம்பியூட்டரில், கிரவல் ரோட்டுத் தூசியும் கைவியர்வை எண்ணெயும் படிந்த ராமில், அது வேலை செய்யும். ஆனால் அந்தத் தொடுமுனைகளில் இருப்பது தங்கப் பூச்சு. தங்கம் கறுக்காது, துருப்பிடிக்காது. பூச்சின் தடிப்போ ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. கரடான அழிறப்பரால் ஒவ்வொரு முறையும் தேய்த்தால் தங்கம் போய் அடியிலுள்ள நிக்கல் வெளியே வரும். அதற்குப் பிறகு உண்மையாகவே ஊத்தை பிடிக்கும். தேய்த்த துகள் ஸ்லொட்டுக்குள் விழுந்தால் அது வேறு தலையிடி. துடைக்கத்தான் வேண்டுமென்றால் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சு போதும்.

தம்பியின் அம்மாவுக்கு, முதல் நாள் டிஸ்பிளே வராததற்குக் காரணம் பஞ்சாங்கத்தைப் பிழையாகப் பார்த்ததுதானாம். ராகு காலத்தையும் மெமரி டிரெய்னிங்கையும் சேர்த்து நான் என்ன சொல்ல. கேசிங்குக்குப் பொட்டு வைக்கலாம், தேசிக்காயும் வெட்டலாம், சாறு மதர்போர்ட்டில் தெறிக்காதவரை ராமுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும் ரெக்னீஷியன் அண்ணாமாரும் அதே மாதிரித்தான் யோசிக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். தேய்த்தேன், வந்தது, ஆகவே தேய்த்ததால் வந்தது. ஒருநாளாவது தேய்க்காமல், சும்மா கழற்றித் திரும்பப் பூட்டி, பத்து நிமிடம் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உயர்தரத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று படிப்பிப்பது இதைத்தான்.

அதைச் செய்து பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே இடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இந்த நாடு தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அரை வீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, வவுனியா 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். எல்லாம் நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தின் கொம்பியூட்டர் அறையில் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றினால் அடி விழும் என்ற நிலைமை இருக்கும்வரை, பீடம் கட்டி என்ன பலன்? பழுதாகி மூலையில் தூசி பிடித்துக் கிடப்பவற்றைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு ஸ்குரூட்ரைவரோடு கொடுத்துவிடுங்கள். சரிவந்தால் லாபம், சரிவராவிட்டாலும் நட்டமில்லை.

சரி, திரை கறுப்பாக நின்றால் என்ன செய்வது? மொனிட்டர் கம்பி கிராபிக்ஸ் கார்ட் இருக்கும்போது மதர்போர்ட்டில் குத்தியிருக்கிறதா பாருங்கள். பிராசசர் பக்கத்திலுள்ள எட்டு முனை 12 வோல்ற் வயரை மறந்துவிட்டீர்களா பாருங்கள், அதில்லாமலும் ஃபான் சுற்றும். அப்புறம் போர்ட்டின் ஓரத்திலுள்ள சின்ன லைட்கள். டிராம் (DRAM, அதாவது ராம்) என்று எழுதிய லைட் எரிந்தால் பயிற்சி நடக்கிறது அல்லது அதில் தடங்கல். கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் இருங்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊரென்றால் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு இருங்கள். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஒரு ஸ்டிக்கை மட்டும், நான்கு ஸ்லொட் உள்ள போர்ட்டில் பிராசசரிலிருந்து இரண்டாவதில் பூட்டிப் பாருங்கள். இரண்டாவது ஏனென்றால், பெரும்பாலான போர்ட்களில் கம்பி முதலாம் ஸ்லொட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் முடிகிறது. முதலாவதில் பூட்டினால் மிச்சக் கம்பி வெறுமனே தொங்கும். சமிக்ஞை அதன் முனைவரை போய், மோதித் திரும்பி வந்து, அடுத்த பிட்டோடு கலக்கும்.

பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் முதலில் அது குறைந்த வேகத்தில்தான் ஓடும். பயோஸில் போய் வேகத்தைக் கூட்டினால் பயிற்சி திரும்ப நடக்கும், திரை திரும்பக் கறுக்கும், பயப்படாதீர்கள். பிறகு ராம் கூட்டும் எண்ணமிருந்தால், இப்போதே இரண்டு ஸ்டிக் உள்ள ஒரே பெட்டியாக வாங்கிவிடுவது நல்லது. டிடிஆர்5இல் நான்கு ஸ்லொட்டையும் நிரப்பினால் பல போர்ட்களில் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும், முதல் தடவை காத்திருக்கும் நேரமும் கூடும்.