பின்னாடி காலியா வருது!

வேலைக்காகச் சமீபத்தில் சென்னைக்குக் குடிவந்த வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: “பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்கிறார்கள். அரை மணி நேரம் நின்றாலும் ஒன்றும் வருவதில்லை. அப்புறம் பார்த்தால் ஒரே நம்பரில் மூன்று பஸ், ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு கிளம்புகிறார்களா? அம்மாவிடம் சொன்னால், ‘உன் ராசி அப்படி’ என்கிறார்.”

யாரும் பேசிவைத்துக்கொள்வதில்லை. டெர்மினஸிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காகவே புறப்பட்டாலும் வழியில் அவை ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் கடைசிவரை போய்ச்சேர்ந்தால்தான் ஆச்சரியம். சென்னை என்றில்லை, லண்டனிலும் மும்பையிலும் இதே கதைதான்.

சின்ன வயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கையை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருக்கும்வரை அது நிற்கும். கையை அசைக்காமல் வைத்தால் ஒரு துளி சாய்வு இன்னும் கொஞ்சம் சாய்வாகி, அது இன்னும் பெரிதாகி, விழுந்துவிடும். கிண்ணத்தில் போட்ட கோலிக்குண்டு இதற்கு நேர்மாறு. தட்டிவிட்டாலும் தானாக நடுவுக்கு வந்து நிற்கும். சம இடைவெளியில் ஓடும் பஸ்கள் கோலிக்குண்டு ஜாதி அல்ல, விளக்குமாறு ஜாதி.

ஏன் என்று பார்க்க, கூட்டல் கழித்தல் போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு ஒருவர் வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏற 4 விநாடி ஆகும். பத்து நிமிட இடைவெளியில் பஸ் வந்தால் பத்துப் பேர் காத்திருப்பார்கள், பஸ் 40 விநாடி நிற்கும். எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது ஒரு பஸ் ஏதோ ஒரு சிக்னலில் மாட்டி ஒரு நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் பதினொரு பேர். 44 விநாடி நிற்க வேண்டும். தாமதம் 1 நிமிடம் 4 விநாடி ஆகிவிட்டது. அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம் பேர், இன்னும் கொஞ்சம் தாமதம். கந்துவட்டி மாதிரி, வட்டிக்கு வட்டி ஏறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. பின்னால் வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். அது நேரத்துக்குத்தான் ஓடுகிறது. ஆனால் முன்னால் போனது தாமதமாகப் போனதால், அது போய் ஒன்பது நிமிடம்தான் ஆகிறது. நிறுத்தத்தில் ஒன்பது பேரே நிற்கிறார்கள். 36 விநாடியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது, 4 விநாடி மிச்சம். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் குறைவு, மிச்சம் இன்னும் அதிகம். ஆக முன்னால் போவது தளர்ந்துகொண்டே போகிறது, பின்னால் வருவது வேகமெடுத்துக்கொண்டே வருகிறது. இரண்டு டிரைவர்களும் ஆக்சிலரேட்டரை ஒரே அளவு மிதித்தாலும் இது நடக்கும்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நிறுத்தம் தாண்டும்போது இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 7 நிமிடம். இருபதில் 2 நிமிடத்துக்கும் குறைவு. இருபத்திரண்டாவது நிறுத்தத்தில் முன்பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பின்பஸ் முகர்ந்துகொண்டு நிற்கிறது. எல்லாம் அந்த ஒரு நிமிட சிக்னலால்.

இதை முதன்முதலில் கணிதமாக எழுதியவர்கள் நியூவெல், பாட்ஸ் என்ற இருவர், 1964இல், ஆஸ்திரேலியாவில் நடந்த சாலை ஆராய்ச்சி மாநாட்டில். இந்த ரென்ஃப்ரி பாட்ஸை இயற்பியல் படித்தவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். காந்தப் பொருட்களுக்குள் அணுக்கள் எப்படி அணி சேர்கின்றன என்று விளக்கும் ‘பாட்ஸ் மாதிரி’ இவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரே மூளை காந்தத்தையும் பஸ்ஸையும் யோசித்திருக்கிறது.

ராசி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மணிக்கு ஆறு பஸ், ஆனால் இரண்டிரண்டாக ஒட்டி வருகின்றன: 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம் என்று இடைவெளி. சராசரி இடைவெளி 10 நிமிடம்தான், ஆகவே அட்டவணையில் குறையே தெரியாது. நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருகிறீர்கள். 20 நிமிடத்தில் 18 நிமிடம் பெரிய இடைவெளிக்குச் சொந்தம். ஆக நீங்கள் அதில் போய் விழ வாய்ப்பு பத்தில் ஒன்பது. சராசரிக் காத்திருப்பு, சீராக ஓடினால் 5 நிமிடம். இப்படி ஓடினால் 8 நிமிடத்துக்கு மேல். அதோடு, பத்தில் ஒன்பது பேர் ஏறுவது கூட்டம் பிதுங்கும் முன்பஸ்ஸில். காலியாக வரும் பின்பஸ்ஸில் உட்கார்ந்து போக ஒருவருக்கே கொடுத்துவைத்திருக்கிறது. எனவே “நான் போனாலே பஸ் வராது” என்பது வாசகியின் ஜாதகத்தில் இல்லை, நிறுத்தத்தில் நிற்கும் பத்தில் ஒன்பது பேருக்கும் பொதுவான கணக்கு. ராசி என்று ஒதுக்கிவிட்டால் தெருவில் சரிசெய்யக்கூடிய ஒன்றை யாரும் தேட மாட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

தெருவில் எங்கே தேடுவது? சென்ற வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, நான் வழக்கமாக ஏறும் நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடிக்காமல் ஓரமாக நின்று கவனித்தேன். பஸ் நிற்பதற்கென்று கோடு போட்ட இடத்தில் மூன்று ஷேர் ஆட்டோ. அவற்றுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார், உள்ளே ஒருவர் போனைப் பார்த்தபடி. பஸ் வந்தது. ஓரம்கட்ட இடமில்லை, நடுரோட்டில் நின்றது. நிழற்குடையில் இருந்தவர்கள் ஆட்டோக்களுக்கு இடையில் ஒற்றை வரிசையாக நுழைந்து போனார்கள். இடதுபக்கச் சந்தில் ஒரு பைக் புகுந்து வர, எல்லாரும் அப்படியே நின்றார்கள். பூக்கூடையோடு ஓர் அம்மாள். பிளாட்பாரத்திலிருந்து ஏறியிருந்தால் முதல் படி அவருக்கு எட்டியிருக்கும். தார் ரோட்டிலிருந்து ஏறும்போது பிளாட்பாரத்தின் உயரத்தையும் சேர்த்து ஏற வேண்டும். கூடையை மேலே வைத்தார், கம்பியைப் பிடித்தார், காலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். உள்ளேயிருந்த பையன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அந்த வெள்ளைக் கார் செய்த தீங்கை நாம் பெரும்பாலும் தப்பாகக் கணக்கிடுகிறோம். ஒரு பஸ்ஸை அரை நிமிடம் தாமதப்படுத்தியது, அவ்வளவுதானே என்று தோன்றும். அது சிறு பகுதிதான். ஒருவர் ஏறும் 4 விநாடியை அது 6 விநாடி ஆக்கியது. மேலே போட்ட கணக்கில் வட்டிவிகிதம் எது என்றால், அந்த 4 விநாடிதான். எல்லா நிறுத்தத்திலும் இப்படி வண்டிகள் நின்று ஏறும் நேரம் 6 விநாடி ஆனால், இருபத்திரண்டாவது நிறுத்தத்தில் ஒட்ட வேண்டிய பஸ்கள் பதினைந்தாவது நிறுத்தத்திலேயே ஒட்டிவிடும். மாறாக, ஓரம் காலியாக இருந்து, தாழ்தளப் பஸ்ஸாகவும் இருந்து, 2 விநாடியில் ஏற முடிந்தால்? நாற்பத்து மூன்று நிறுத்தம் தாண்டும்வரை ஒட்டாது. அதற்குள் பல தடங்கள் முடிந்தே போய்விடும். பார்க்கிங் என்றால் கார்க்காரர்களின் பிரச்சினை என்று பேசுகிறோம்; அதன் வட்டியைக் கட்டுவது பத்து நிறுத்தம் தள்ளி நிற்கும், அந்தக் காரைப் பார்த்தேயிராத ஒருவர். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி ஓரத்தை மீட்டது போல, பஸ் நிறுத்தங்களின் முன்னால் இருக்கும் அந்த நாற்பது ஐம்பது அடியை மட்டுமாவது மீட்டால் போதும். மேம்பாலம் கட்டும் செலவில் இது தூசு. இதற்கு ஏன் யாரும் அடிக்கல் நாட்டுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

இயல்பிலேயே பஸ்கள் ஒட்டிக்கொள்ளும் என்றால், ஒட்டாத பஸ்கள் எங்காவது உண்டா? உண்டு. மெக்சிகோவில் குவெர்னவாக்கா என்ற ஊரில் இருந்தன. அங்கே பஸ்களை நடத்த ஒரு பெரிய நிறுவனம் இல்லை. பஸ் ஓட்டுநருக்கே சொந்தம், டிக்கெட் காசு அவருக்கே. முன்னால் போகும் பஸ்ஸை நெருங்கிவிட்டால் ஆள் கிடைக்காது. மெதுவாகப் போனால் பின்னால் வருபவர் தாண்டிப்போய் எல்லாரையும் ஏற்றிக்கொள்வார். ஆகவே வழியில் சில இடங்களில் நிற்கும் ஆட்களுக்குக் காசு கொடுத்து, முந்தைய பஸ் எப்போது போனது என்று தெரிந்துகொள்வார்கள். அதற்கேற்ப வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

செக் நாட்டு இயற்பியலாளர்களான மிலன் க்ரபாலெக்கும் பெத்ர் ஷெபாவும் அந்தப் பஸ்களின் நேரங்களைச் சேகரித்து, இடைவெளிகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். அந்த வளைகோடு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று! யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்களின் ஆற்றல் மட்டங்கள் படிப்படியாக அடுக்கியிருக்கும். அந்தப் படிகளுக்கு இடையிலான இடைவெளிகளை விளக்க 1950களில் யூஜின் விக்னர் ஒரு கணித முறையைக் கொண்டுவந்தார். அந்தக் கணிதக் குடும்பத்தின் வளைகோட்டில்தான் குவெர்னவாக்கா பஸ்கள் போய் உட்கார்ந்தன. 2000இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அந்தக் கோட்டின் குணம் ஒன்றுதான்: ஒன்றை ஒன்று விலக்குவது. மழைத்துளிகள் போல எதேச்சையாக வரும் பஸ்கள் என்றால் மிகச் சிறிய இடைவெளிகள்தான் அதிகம் இருக்கும். இங்கே தலைகீழ். சிறிய இடைவெளிகளைப் பொறுத்தவரை, இடைவெளி பாதியானால் அது நிகழும் வாய்ப்பு கால்வாசியாகிவிடுகிறது. ஒட்டிக்கொள்வது ஏறக்குறைய நடக்காத காரியம். அணுக்கருவுக்குள் அந்த விலக்கலைக் குவாண்டம் விதிகள் செய்கின்றன. குவெர்னவாக்காவில் அதைச் செய்தது ஒரு துண்டுச் செய்தி: ‘முன்பஸ் போய் இத்தனை நிமிடம் ஆச்சு.’ எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. தனியார் டவுன் பஸ்களில் ‘டைமிங்’ என்பது எவ்வளவு பெரிய விஷயம், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் எப்படிச் சண்டை வரும் என்று பார்த்தவர்கள் அவர்கள். போட்டியால் வரும் வேகம் உயிருக்கு ஆபத்து, அது நமக்கு வேண்டாம். அதிலிருக்கும் தகவல் மட்டும் வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இருவர் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் வளாகப் பஸ்களில் ஒரு முறையைச் சோதித்து 2012இல் எழுதினார்கள். அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். டெர்மினஸுக்கு வந்த பஸ், தனக்குப் பின்னால் வரும் பஸ் இன்னும் எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது என்று பார்க்கும். அதில் ஒரு குறிப்பிட்ட பங்கு நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும். பின்பஸ் ஒட்டி வந்தால் உடனே கிளம்பும், தூரத்தில் இருந்தால் அதிகம் நிற்கும். இந்த ஒரு விதியிலேயே இடைவெளிகள் தாமாகச் சமமாகின்றன. விளக்குமாற்றுக்கு அடியில் அசையும் உள்ளங்கை கிடைத்துவிட்டது. சென்னைப் பஸ்கள் எங்கே வருகின்றன என்று காட்டும் செயலி 2022இலேயே வந்துவிட்டது; அந்தப் புள்ளிகளைப் பயணிக்குக் காட்டுவதோடு டெர்மினஸில் இருக்கும் டைம் கீப்பருக்கும் இப்படி ஒரு எண்ணாக மாற்றிக் காட்டலாம். பழைய பதிவுகளையும் நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல விஷயம் எது? பெரிய ஆய்வகம் வேண்டாம், நிதி என்று பார்த்தால் சில மாணவர்களின் உதவித்தொகைதான்.

இதெல்லாம் வருவதற்கு முன்பே நம்மிடம் இருக்கும் ஒரு கருவியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. “ஏறாதீங்க, பின்னாடி காலியா வருது!” என்று கண்டக்டர் கத்துகிறாரே, அதுதான். முன்பஸ் ஆள் ஏற்றுவதைக் குறைத்துக்கொண்டால் வட்டி ஏறுவது நின்றுவிடும். நாம்தான் அதை நம்புவதில்லை. நீண்ட நேரம் காத்திருந்து, பிதுங்கி வழியும் பஸ் ஒன்று வந்தால், பின்னால் இன்னொன்று நெருங்கி வந்துகொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பதுதான் மேலே பார்த்த கணக்கு.

அந்த வியாழக்கிழமையும் கண்டக்டர் அப்படித்தான் கத்தினார். பூக்கூடை அம்மாளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் முண்டியடித்து ஏறினார்கள். குடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் படிவரை போனவர், காலை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குத் திரும்பினார். சிக்னல் இரண்டு முறை விழுவதற்குள் அதே நம்பரில் அடுத்த பஸ் வந்தது. அதற்குள் வெள்ளைக் காரும் போயிருந்தது. பஸ் ஓரத்தில் ஒட்டி நின்றது. பெரியவர் ஒரே எட்டில் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.