ஹீமோசிடரோசிஸ்: இரும்புத் தேக்கம்

"பிள்ளைக்கு அயன் கூடிப்போச்சாம்" என்று, பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்குரிய கிளினிக்கால் வரும் தாய் சொல்வார். பக்கத்து வீட்டு ஆச்சி உடனே, "இரும்புச்சத்துத்தானே, கூடினால் நல்லதெல்லே" என்பார். முருங்கையிலை வறை ஊட்டிப் பிள்ளை வளர்த்தவரைப் பிழை சொல்ல முடியாது. 'சத்து' என்று காதில் விழுந்தால் அது கூடுவதற்கு யார் பயப்படுவார்கள்?

உடம்பில் இரும்பு இப்படி அளவுக்கு மிஞ்சிச் சேர்வதற்கு மருத்துவம் வைத்த பழைய பெயர் ஹீமோசிடரோசிஸ். கிரேக்கத்தில் ஹைமா இரத்தம், சிடேரோஸ் இரும்பு. தலசீமியாவின் வாலில் இருப்பதும் அதே ஹைமாதான். தலையில் உள்ள தலஸ்ஸா, கடல். மத்தியதரைக் கடலோரக் குடும்பங்களில் முதலில் கவனித்த நோய் என்பதால் வந்த பெயர்.

ஆங்கிலத்தில் இதை அயன் ஓவர்லோட் என்பார்கள். அந்த ஓவர்லோட் என்பதைச் சிலர் 'மிகைச்சுமை' என்கிறார்கள். எனக்கு லொறிதான் ஞாபகம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் தமிழில் வைத்தியம் படிப்பித்தார். இன்னும் நல்ல சொல் கேட்பது பேராசை இல்லை. நான் எழுதுவது 'இரும்புத் தேக்கம்'. இரணைமடுக் குளம் நிரம்பினால் வான் கதவைத் திறக்கலாம். உடம்பில் இரும்புக்கு அப்படியொரு கதவு கிடையாது. நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் தோலோடும் குடலோடும் உதிர்வதோடு சரி. தலசீமியாப் பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டும்; ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு வருகிறது.

தேக்கம் என்றதும் 'எங்கே?' என்று கேட்கத் தோன்றும். அதுவும் இந்தச் சொல்லால் வரும் நன்மை. இரும்பைச் சேமிக்கும் புரதமான பெரிற்றினை அளக்கும் இரத்தப் பரிசோதனை அதற்கு முழு விடை தராது. கிருமித்தொற்று, ஈரல் அழற்சி என்றாலும் அந்த எண் ஏறும். முன்பு ஈரலில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கான் உண்டு. இரும்பு காந்தப்புலத்தைக் குழப்புவதால் சமிக்ஞை சீக்கிரம் மங்கிவிடும். அந்த நேரக் கணக்குத்தான் ரி2 ஸ்டார். இதயத்தில் அது 20 மில்லிசெக்கனுக்குக் கீழே போனால் தேக்கம் தொடங்கிவிட்டது, 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து அதிகம். பெரிற்றின் குறைந்தால் நிம்மதி, ரி2 ஸ்டார் குறைந்தால் கவலை. இரண்டு றிப்போட்டையும் ஒரே கையில் பிடித்திருக்கும் தகப்பன் குழம்பாமல் என்ன செய்வார்? ஈரலில் குறைவாகவும் இதயத்தில் நிறையவும் தேங்கியிருப்பதும் உண்டு.

தேங்கியதை இறக்கும் மருந்து கீலேற்றர். கிரேக்கத்தில் கேலே என்றால் நண்டின் கொடுக்கு. மருந்து இரும்பை அப்படிக் கவ்விக்கொண்டு சிறுநீரிலோ மலத்திலோ வெளியேறும். தமிழில் கொடுக்கிணைப்பி. நண்டுக்கறி வைக்கிற ஆச்சிக்கு இந்த ஒரு சொல்லை மட்டும் நான் விளக்க வேண்டி வரவில்லை.